பண்டிகைக்கு நிறையும் கோயில் ஞாயிறன்று காலியாவது ஏன்? (தென்மாவட்டச் சபைகள்)

சேகரக்கணக்கு எழுதியது:

திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) கிராமச் சபைகளை மனதில் வைத்து இந்த இழையைத் தொடங்குகிறேன். கத்தோலிக்கப் பங்குகளிலும் லுத்தரன் சபைகளிலும் இருப்பவர்கள் தாராளமாக எழுதுங்கள்.

அசனப் பண்டிகைக்கு (ஊரே கூடிச் சாப்பிடும் பொது விருந்து) சென்னையிலிருந்தும் மும்பையிலிருந்தும் துபாயிலிருந்தும் ஆட்கள் வந்து இறங்கிவிடுகிறார்கள். கோயிலுக்குள் இடம் போதாமல் வெளியே பந்தல் போடுகிறோம். அடுத்த ஞாயிறு அதே கோயிலில் வயதானவர்கள் சிலரும் பாடகர் குழுவும்தான். "சபை குளிர்ந்துவிட்டது" என்று பிரசங்கத்தில் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டது. எத்தனை பேர் குறைந்தார்கள், எந்த வயதில், எந்தத் தெருவில் என்று கேட்டால் காட்ட ஒரு தாள் கிடையாது. காணிக்கைக் கணக்கு இருக்கிறது, ஆள் கணக்கு இல்லை.

திருநெல்வேலித் திருச்சபையின் வரலாறே ஒரு பதிவேட்டில்தான் தொடங்குகிறது. 1780-ல் பாளையங்கோட்டையில் எழுதிய பட்டியலில் 40 பேர் இருந்தார்கள், அங்கே முதல் கோயில் கட்டிய குளோரிந்தா என்ற பெண்ணும் அதில் ஒருவர். இன்று பல சேகரங்களில் (ஒரு குருவின் பொறுப்பில் உள்ள சில ஊர்ச் சபைகள் சேர்ந்தது ஒரு சேகரம்) குடும்பப் பதிவேட்டைத் தேர்தல் வரும்போதுதான் எடுத்துத் தூசி தட்டுகிறார்கள். சந்தா கட்டியவர் பெயர் நிற்கும், கட்டாதவர் பெயர் விழும். யார் படுக்கையில் கிடக்கிறார், எந்த வீட்டுப் பிள்ளை வேலைக்காகத் திருப்பூர் போயிருக்கிறான் என்பதெல்லாம் அந்தப் பட்டியலுக்கு வேண்டாத விஷயம். சபை தன் ஊரைவிட்டு விலகத் தொடங்கிய இடம் இதுதான் என்பது என் கருத்து.

ஆகவே முதல் வேலை எண்ணுவது; குடும்பப் பதிவேட்டுக்கு வீடு வாரியாகப் படிவம் நிரப்புவது அடுத்தது. பண்டிகை, ஞானஸ்நானம், திடப்படுத்தல் எதுவும் வராத நான்கு ஞாயிறுகளைத் தேர்ந்தெடுங்கள். திருவிருந்து (அப்பமும் திராட்சரசமும் பெறும் ஆராதனை) ஞாயிறு அதில் ஒன்று கட்டாயம் இருக்கட்டும், ஏனென்றால் அன்று வருகை கூடும், அந்த வித்தியாசமும் தெரிய வேண்டும். ஒவ்வொரு ஞாயிறும் இரண்டு தடவை எண்ண வேண்டும்: முதல் பாட்டு முடிந்ததும் ஒரு தடவை, பிரசங்கம் தொடங்கும்போது ஒரு தடவை. 12 வயது வரை, 13 முதல் 25, 26 முதல் 59, 60ம் அதற்கு மேலும் என்று நான்கு கட்டம் போதும், ஆண் பெண் தனித்தனியாக. ஆண் பக்கம் ஒருவர், பெண் பக்கம் ஒருவர், வெளி நடைக்கு ஒருவர். வெளியே மரத்தடியில் நிற்கும் ஆண்களை எண்ணாமல் விடக்கூடாது, அது தனிச் செய்தி.

முதல் எண்ணிக்கைக்கும் இரண்டாவதுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் நேரம்தான் சிக்கல். இரண்டும் ஒன்றாகவே குறைவாக இருந்தால் ஆளே ஊரில் இல்லை, அல்லது வேறெங்கோ போகிறார்கள். 13 முதல் 25 கட்டத்தில் ஆண் பக்கம் மட்டும் காலியாக இருந்தால் அது இன்னொரு கதை. இதைப் பிரிக்காமல் எழுப்புதல் கூட்டம் போட்டுப் பயனில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர்கள் 44.18 லட்சம், 6.12 சதவீதம். 1961-ல் 5.23 சதவீதம். ஆக, விசுவாசத்தை விட்டுவிட்டார்கள் என்று சொல்ல எண்ணிக்கையில் இடமில்லை. அந்த ஊரை, அந்தக் கட்டடத்தை, அந்த நேரத்தை விட்டிருக்கிறார்கள்.

---

தேரிக்காடு எழுதியது:

அண்ணாச்சி சொன்ன எண்ணிக்கை முறை சரி. ஆனால் கணக்கைப் படிக்கும்போது ஒன்றை மறக்கக்கூடாது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019-21) தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தை. மக்கள்தொகை அப்படியே நிற்க 2.1 வேண்டும். ஓய்வுநாள் பாடசாலையில் நான்கு வகுப்பு இரண்டாகச் சுருங்குவதற்கு ஆசிரியர்களின் சோம்பல் காரணம் ஆகாது.

உதாரணத்துக்கு 100 வீடு உள்ள ஊர் என்று வைத்துக்கொள்வோம். 30 வீடு பூட்டிக் கிடக்கிறது, 25 வீட்டில் முதியவர்கள் மட்டும். மிச்சம் 45 வீட்டில் பள்ளி வயதுப் பிள்ளைகள் 40 பேர் தேறினால் அதிகம். அதில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஞாயிறும் டியூஷன். இந்தச் சபையில் 20 பிள்ளை வந்தால் அது நல்ல வருகை. 1980-ல் 120 பேர் வந்தார்கள் என்று ஒப்பிட்டு இன்றைய ஆசிரியரைக் கடிந்துகொள்வது அநியாயம்.

பனைத்தொழில் போன, செம்மணல் நிறைந்த தேரிக்காட்டு ஊர்களில் இது இன்னும் கூர்மை. ஊரே வெளியே போய்விட்டது, கோயில் மட்டும் பழைய ஜனத்தொகைக்குக் கட்டியபடி நிற்கிறது. மெஞ்ஞானபுரம் கோயில் கோபுரம் 192 அடி. அத்தகைய கட்டடங்களை எழுப்பியது அன்று ஊரில் இருந்த ஜனம்.

---

நாசரேத்_வாசகி எழுதியது:

நேரத்தைப் பற்றிப் பேசுவோம், ஏனென்றால் பெண்கள் பக்கம் குறைவதற்கு அதுவே பெரிய காரணம்.

காலை 8.30 ஆராதனை. அறிவிப்பு இருபது நிமிடம், பிறந்தநாள் திருமணநாள் ஜெபம் பத்து நிமிடம், காணிக்கைக் கவர் வாசிப்பு பத்து நிமிடம், பிரசங்கம் நாற்பது. திருவிருந்து சேர்ந்தால் பதினொன்றரை. வாரம் முழுக்க மில்லிலோ கடையிலோ வேலை பார்க்கிற பெண்ணுக்குத் துணி துவைக்க, மாவு ஆட்ட, கறி எடுக்க அந்த ஒரு காலைதான் இருக்கிறது. அவள் வராததைப் பக்திக்குறைவு என்று எழுதுவது எனக்குத் தாங்கவே இல்லை.

ஆராதனை முறைமையில் கை வைக்காமலே முக்கால் மணி நேரம் மிச்சப்படுத்தலாம். அறிவிப்புகளை அச்சடித்து வாசலில் ஒட்டி, சபை வாட்ஸப்பில் சனிக்கிழமை மாலையே போட்டுவிட்டு, வாயால் சொல்வது மூன்று மட்டும் என்று வைத்தால் பதினைந்து நிமிடம் போய்விடும். கல்யாண ஓலை வாசிப்பைக் குறைக்க முடியாது, அது மூன்று ஞாயிறு வாசித்தாக வேண்டும். பிரசங்கம் 20 நிமிடம். திருவிருந்துக்கு ஒரே வரிசைக்குப் பதில் இரண்டு இடத்தில் அப்பம், இரண்டு இடத்தில் திராட்சரசம் வைத்தால் 200 பேருக்குப் பாதி நேரம் போதும். அதற்குப் பாத்திரம் பரிமாற அனுமதி பெற்றவர்கள் கூடுதலாக வேண்டும். சேகர குருவிடம் முன்பே பேசி வைக்க வேண்டும்.

ஸ்தோத்திரக் காணிக்கைக் கவரில் பெயரும் தொகையும் வாசிப்பதை முழுதாக நிறுத்துங்கள். ஐயாயிரம் வாசித்த மூச்சிலேயே ஐம்பது ரூபாய் வாசிக்கப்படுகிற வீட்டுக்காரர் அடுத்த மாதம் வரமாட்டார். ஸ்தோத்திரக் காரணத்தை மட்டும் சொல்லலாம், ரசீதைக் கையில் கொடுக்கலாம். அறுப்பின் பண்டிகையில் காணிக்கைப் பொருளை விடும் ஏலமும் அப்படித்தான்: ஒரு தேங்காய் பத்தாயிரத்துக்குப் போகும்போது கைதட்டல் கேட்கிறது, தேங்காய் கொண்டுவந்த கிழவி பின்னால் நிற்பது யார் கண்ணிலும் படுவதில்லை.

---

பாளை_வாசகன் எழுதியது:

அக்கா, ஏலத்தை நிறுத்தினால் பண்டிகைச் செலவுக்கு எங்கே போவது என்று கமிட்டியில் கேட்பார்கள். பதில் தயாராக இருக்க வேண்டும்.

---

நாசரேத்_வாசகி எழுதியது:

கேட்கட்டும் தம்பி. ஏலத்தை நிறுத்தச் சொல்லவில்லை, பொருளை வைத்து ஏலம் விடுங்கள், விலையைச் சந்தை விலையின் இரண்டு மடங்கில் முடித்துவிடுங்கள், அதற்குமேல் கொடுக்க விரும்புகிறவர் கவரில் போடட்டும். கொடுக்க மனமுள்ளவர் மேடையில்லாமலும் கொடுப்பார்.

---

பாளை_வாசகன் எழுதியது:

சரி, யாரும் தொடாததை நான் தொடுகிறேன். வாலிபர் போனதற்கு நேரத்தையும் பிரசங்கத்தையும்விடப் பெரிய காரணம் தேர்தல்.

தேர்தல் ஆண்டில் தலசபை (ஓர் ஊர்ச் சபை) கமிட்டி, சேகர கமிட்டி, திருமண்டலப் பெருமன்றம் (ஒரு பேராயரின் கீழ் உள்ள எல்லாச் சபைகளுக்குமான மன்றம்) என்று படிப்படியாகப் போகிறது. பள்ளி, கல்லூரி, ஆஸ்பத்திரி நியமனங்கள் அந்தப் பெருமன்றத்தின் கையில் இருப்பதால் ஒரு சின்னக் கிராமத்துச் சபையின் ஓட்டும் விலைமதிப்புள்ளதாகிவிடுகிறது. அணி பிரிகிறது, அண்ணன் தம்பி பேசுவதில்லை, வழக்கு நீதிமன்றம் போகிறது, ஓய்வுபெற்ற நீதிபதிகளை நிர்வாகிகளாக நீதிமன்றமே நியமிக்கும் நிலை வந்துவிட்டது. 19 வயதுப் பையன் முதன்முதலில் சபையைக் கவனிப்பது இந்தச் சண்டையில்தான். அவன் திரும்பி வருவான் என்று எதிர்பார்ப்பதற்கு நமக்கு என்ன உரிமை?

திருமண்டல அளவில் இதை நாம் மாற்ற முடியாது. ஊர் அளவில் செய்யக்கூடியது கணக்கைத் திறப்பது. மாதம் ஒரு தாள், கோயில் பலகையில்: வரவு எத்தனை, அதில் திருமண்டலத்துக்குப் போனது எத்தனை, ஊழியர் சம்பளம், மின்கட்டணம், கட்டட வேலை, ஏழைகள் உதவி, கையிருப்பு, வங்கி இருப்பு. ஏழைகள் உதவி என்ற வரியில் பூஜ்யம் நின்றால் அந்தப் பூஜ்யமே போதும், கூட்டத்தில் எவரும் எழுந்து பேச வேண்டியதில்லை. உண்டியல் எண்ணும்போது கமிட்டியில் இல்லாத இருவர், அதில் ஒருவர் பெண், ஒருவர் 30க்குக் கீழ். எண்ணி முடித்த தாளில் எண்ணிய எல்லோரும் கையெழுத்து, அடுத்த வேலை நாளில் வங்கி. கையில் பணம் தங்கும் ஒவ்வொரு நாளும் சந்தேகம் வளரும்.

---

அன்பியம்_பொறுப்பு எழுதியது:

கத்தோலிக்கப் பக்கத்திலிருந்து. எங்களில் பெருமன்றத் தேர்தல் கிடையாது, ஆனால் இளைஞர் வராதது அங்கும் உண்டு. அன்பியங்கள் ஓரளவுக்கு இதைத் தாங்கிப் பிடிக்கின்றன. 20 முதல் 30 குடும்பம், தெரு வாரியாக, மாதம் ஒரு வீடு. செபம், வாசகம், தெருவில் யாருக்கு என்ன என்ற பேச்சு, ஒரு மணி நேரம்.

எங்கே கெட்டுப்போகிறது என்றும் சொல்லிவிடுகிறேன். ஒரே ஆள் பத்து வருடம் பொறுப்பாளராக இருப்பார். சுண்டலும் காபியும் என்று தொடங்கி, அடுத்த வீடு வடை, அதற்கடுத்த வீடு பிரியாணி என்று ஏறி, வசதியில்லாத வீடு "எங்க வீட்டில் வேண்டாம்" என்று சொல்லும். அன்றோடு அந்த அன்பியம் பாதி செத்தது. தண்ணீரும் கடலையும் மட்டும் என்று எழுதி வைத்து, பங்குத்தந்தையே வந்தாலும் அதுதான் என்று நிற்க வேண்டும். பொறுப்பு இரண்டு வருடம், அதற்கப்புறம் மாற்றம். கூட்டத்தில் எழுந்த தேவைகளை (மருத்துவம், பள்ளிக் கட்டணம், குடும்பச் சண்டை) ஒரு நோட்டில் எழுதி அடுத்த மாதம் முதல் ஐந்து நிமிடம் அதை வாசிக்க வேண்டும். எழுதாவிட்டால் செபமாலையோடு முடிந்துவிடும்.

---

கிழக்குத்தெரு எழுதியது:

இத்தனை பேர் எழுதியும் சாதி என்ற வார்த்தை வரவில்லை. நான் எழுதுகிறேன்.

அன்பியமும் குடும்ப ஜெபமும் தெரு வாரியாகப் பிரித்தால் அது சாதி வாரியாகத்தான் பிரியும், ஏனென்றால் நம் தெருக்கள் அப்படித்தான் இருக்கின்றன. கல்லறைத் தோட்டத்தில் நடுவில் சுவர், பண்டிகை ஊர்வலம் ஒரு தெருவுக்குள் திரும்பாமல் போவது, பாடகர் குழுவில் ஒரு பக்கத்துப் பிள்ளைகள் மட்டும் என்று இது ஊருக்கு ஊர் வேறு வடிவில் இருக்கிறது. விழுப்புரம் பக்கத்து எறையூர்க் கத்தோலிக்கப் பங்கில் இந்தச் சண்டை 2008-ல் போலீஸ் துப்பாக்கிச்சூடு வரை போனது. படித்து வெளியே போன தலித் கிறிஸ்தவப் பிள்ளை இந்தக் கோயிலுக்குத் திரும்பாததற்குக் காரணம் தேட ஆய்வு வேண்டாம்.

பதிவேட்டுக்கு இது நேரடியாகப் பொருந்தும். 1950-ம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, பின்னர் 1956-ல் சீக்கியர், 1990-ல் பௌத்தர் ஆகியோருக்குத்தான் பட்டியல் சாதித் தகுதி. கிறிஸ்தவருக்கு இல்லை. அதனால் சான்றிதழில் ஒரு பெயரும் சபையில் ஒரு பெயருமாக வாழும் குடும்பங்கள் ஏராளம். சேகரக்கணக்கு அண்ணாச்சி சொல்லும் கணக்கெடுப்பில் ஆதார் நகல், சாதிச் சான்று எதையும் கேட்கக்கூடாது. வீட்டில் கூப்பிடும் பெயர், வயது, தெரு, போன் போதும். பதிவேட்டைப் படம் எடுத்து வாட்ஸப்பில் போடுவதை உறுதியாகத் தடுக்க வேண்டும். ஒரு குடும்பத்தின் அரசு வேலையே அதனால் சிக்கலாகலாம்.

குழு பிரிக்கும்போது தெருப்படி வேண்டாம். ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளைகளின் வகுப்புப்படி பிரியுங்கள்: மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் ஒரு குழு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் ஒரு குழு. கூடும் வீடு சுற்றிச் சுற்றி எல்லாத் தெருவுக்கும் போகும். தங்கள் வீட்டில் வைக்க மறுப்பவர் யார், இன்னொரு தெரு வீட்டில் தண்ணீர் குடிக்க மறுப்பவர் யார் என்பது இரண்டு மாதத்தில் தெரிந்துவிடும், அதைச் சபை எதிர்கொண்டுதான் ஆக வேண்டும். கல்லறையில் புதைக்கும் வரிசை தேதிப்படி, இடம் பார்த்து அல்ல.

---

அன்பியம்_பொறுப்பு எழுதியது:

பிள்ளைகளின் வகுப்புப்படி பிரிப்பது எனக்குத் தோன்றாத யோசனை, நன்றி. பிள்ளை இல்லாத முதியோர் வீடுகள் விடுபடாமல் ஒவ்வொரு குழுவுக்கும் ஐந்து வீடு சீட்டுக் குலுக்கிச் சேர்த்தால் சரியாகும்.

---

ஒலிவாங்கி எழுதியது:

சின்ன விஷயம் போலத் தோன்றும், ஆனால் முதியவர்கள் வந்தும் ஒன்றும் கேட்காமல் போவதற்கு இதுதான் காரணம். உயரமான கல் கோயிலில் சத்தம் மூன்று வினாடி வரை சுற்றிக்கொண்டே இருக்கும். அதில் முன்னால் இரண்டு பெரிய ஸ்பீக்கரை வைத்து வால்யூமை ஏற்றினால் எதிரொலிதான் கூடும், வார்த்தை புரியாது. பின்பெஞ்சுக்காரர் "சத்தம் போதாது" என்பார், ஆபரேட்டர் இன்னும் ஏற்றுவார், முன்பெஞ்சுக் குழந்தை அழும்.

வழி: சின்ன நெடுக்குவாட்டு ஸ்பீக்கர்கள், தூணுக்கு ஒன்று, உட்கார்ந்தவர் தலைக்கு ஒன்றரை அடி மேலே, லேசாகக் கீழே சாய்த்து. ஒவ்வொன்றும் குறைந்த சத்தத்தில். காற்றில் சத்தம் வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது, அதாவது மீட்டருக்கு ஏறத்தாழ 3 மில்லி வினாடி. 15 மீட்டர் பின்னால் உள்ள ஸ்பீக்கருக்கு 44 மில்லி வினாடி தாமதம், அதோடு 10 கூட்டி வைத்தால் குரல் பீடத்திலிருந்தே வருவதுபோல் இருக்கும். தாமதம் கொடுக்காவிட்டால் ஒவ்வொரு சொல்லும் இரண்டு தடவை கேட்கும். பேசாத மைக் எல்லாம் அணைந்திருக்க வேண்டும், திறந்திருக்கும் ஒவ்வொரு மைக்கும் எதிரொலியை வாங்கிக்கொண்டு வரும். கீபோர்டைப் பாடகர் குரலுக்குக் கீழே வையுங்கள். கீர்த்தனை தெரியாத பிள்ளைகள் சொற்களைக் கேட்டுத்தான் கற்க வேண்டும்.

வெளி குழாய் ஸ்பீக்கரைப் பற்றி: இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதி. குடியிருப்புப் பகுதியில் பகல் எல்லை 55 டெசிபல். அதிகாலை நாலரைக்குப் பாட்டுப் போட்டுப் பக்கத்துத் தெருவை எழுப்பிவிட்டு, "அயலானை நேசி" என்று எட்டரைக்குப் பிரசங்கம் பண்ணினால் எடுபடாது. மணி அடியுங்கள், மணி போதும்.

---

லெஸ்டர்_தமிழ் எழுதியது:

இங்கிலாந்துத் திருச்சபையைப் பார்த்தால் நமக்கு முன்னால் உள்ள பாதை தெரியும். 2021 கணக்கெடுப்பில் இங்கிலாந்து, வேல்ஸில் தங்களைக் கிறிஸ்தவர் என்றவர்கள் 46.2 சதவீதம், முதல்முறையாகப் பாதிக்கும் கீழ். வாராந்தரச் சராசரி வருகை 2019-ல் சுமார் 8.54 லட்சம், 2023-ல் சுமார் 6.85 லட்சம். சுமார் 16,000 கோயில்களைப் பராமரிக்க வேண்டும். அவர்களும் அண்ணாச்சி சொன்ன மாதிரி அக்டோபரில் நான்கு வாரம் எண்ணுகிறார்கள், வாரநாள் ஆராதனை உட்பட.

கிராமங்களில் அங்கே நடந்த ஒரு தவறு நம் சேகரங்களிலும் நடக்கிறது. ஒரு குருவுக்கு ஆறு ஏழு கோயில். முதல் ஞாயிறு இங்கே 9 மணி, இரண்டாம் ஞாயிறு அங்கே 11 மணி, மூன்றாம் ஞாயிறு இல்லை. குருவின் வசதிக்கு நேரம் சுழல்வதால் மக்கள் பழக்கம் விட்டுப்போகிறது. எப்போது ஆராதனை என்று யோசிக்க வேண்டிய நிலை வந்தாலே பாதிப் பேர் வரமாட்டார்கள். நேரம் எல்லா ஞாயிறும் ஒன்றாக இருக்கட்டும், குரு வராத வாரம் சபை ஊழியரோ பயிற்சி பெற்ற சபையாரோ நடத்தட்டும்.

---

தேரிக்காடு எழுதியது:

லெஸ்டர்காரர் சொன்னது முற்றிலும் சரி. பெந்தெகொஸ்தே சபைகள் வளர்வதற்கும் பாதிக் காரணம் அதுதான். போதகர் அதே ஊரில், அடுத்த தெருவில் இருக்கிறார். 40, 50 குடும்பம். யாருக்குக் காய்ச்சல் என்று அன்றே தெரியும், ராத்திரி பதினொரு மணிக்கும் வந்து ஜெபிப்பார். நம் சேகர குருவுக்கு எட்டு பத்து ஊர், பள்ளிக்கூடத் தாளாளர் பொறுப்பு, திருமண்டலக் கூட்டம். மூன்று வருடத்தில் ஊர்ப் பெயர்கள் மனதில் பதியும்போது மாற்றல் வந்துவிடும். உபதேச வித்தியாசம் பேசி ஆட்களைப் பிடித்து நிறுத்த முடியாது.

மாற்றலாகும் குரு அடுத்தவருக்கு ஒரு கைமாற்றுக் குறிப்பு எழுதி வைப்பது வழக்கமாக வேண்டும். சொத்து, சாவி, கணக்கு எல்லாம் இப்போதே கையளிக்கப்படுகிறது. படுத்தவர்கள் யார், சமீபத்தில் துக்கம் நடந்த வீடுகள் எவை, கோபித்துக்கொண்டு வராதவர் யார், குடியால் சீரழியும் வீடு எது என்று நாலு பக்கம் வேண்டும். அதை உறையிலிட்டுக் கையில் கொடுக்க வேண்டும், அலுவலகத்தில் விடக்கூடாது.

---

சுண்ணாம்புக்காரை எழுதியது:

பணம் எங்கே போகிறது என்று பாளைத் தம்பி கேட்டாரே, கட்டடத்துக்குப் போகிறது. அதிலும் தவறான கட்டட வேலைக்கு.

150 வருடப் பழைய கோயில் சுவர் சுண்ணாம்பும் மணலும் 1க்கு 3, கடுக்காயும் கருப்பட்டித் தண்ணீரும் சேர்த்துப் பூசியது. அந்தச் சுவர் ஈரத்தை வாங்கும், வெயிலில் விட்டுவிடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நிற்கும், உப்புப் பூத்து இரண்டு மூன்று மழையில் பூச்சு பெயரும். அதை மறைக்க நாலடி உயரத்துக்கு டைல்ஸ். டைல்ஸுக்கு மேலே ஈரம் ஏறும். மேலே ஓட்டிலோ மெட்ராஸ் டெரஸிலோ (மரக்கட்டைமேல் செங்கல் அடுக்கிய பழைய தளம்) ஒழுகுவதை மறைக்க ஃபால்ஸ் சீலிங். அதற்குள் தேக்குக் கட்டை கரையான் அரித்து முடிந்த பிறகுதான் தெரியும். இவ்வளவுக்கும் சேர்த்து வசூல், வசூலுக்காகச் சபையார் வீட்டுக்கு வீடு நடை. அந்த வீடுகளுக்குக் கமிட்டி நோய்விசாரிக்கப் போனதே கிடையாது.

செய்ய வேண்டியது மலிவானது. ஐப்பசிக்கு முன்னால் கூரைத் தண்ணீர்த் தாரைகளில் இலை எடுப்பது, உடைந்த ஓடு மாற்றுவது, சுவரடியில் மண் மேடு இருந்தால் வெட்டித் தண்ணீர் கோயிலைவிட்டு ஓடும்படி சரிவு வைப்பது. சிமெண்ட் பூசிய இடத்தைக் கொத்திவிட்டு ஒரு கோடை முழுக்கக் காயவிட்டு, பிறகு சுண்ணாம்புப் பூச்சு. வெளியே பிளாஸ்டிக் பெயிண்ட் வேண்டாம், வெள்ளையடியுங்கள்.

---

நாசரேத்_வாசகி எழுதியது:

கட்டடம் பற்றிப் பேச்சு வந்ததால்: ஞாயிறு மூன்று மணி நேரம் தவிர மிச்ச வாரம் முழுக்க அந்த வாசல் பூட்டியிருக்கிறது. சபை ஊர் வாழ்க்கையிலிருந்து விலகிவிட்டது என்பதற்கு அந்தப் பூட்டைவிட வேறு சாட்சி வேண்டுமா? கோயிலைத் திறக்கத் தயக்கமாக இருந்தால் பக்கத்து ஹாலைத் திறக்கலாம்.

டி.என்.பி.எஸ்.சி., போலீஸ் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், எல்லா மதத்திலும். மாலை 6 முதல் 9.30, ஆறு மேசை, இருபது நாற்காலி, நாலு ட்யூப்லைட், இரண்டு ஃபேன், குடிதண்ணீர், பெண்களுக்கும் பயன்படும் பூட்டுள்ள கழிப்பறை. கழிப்பறை இல்லாவிட்டால் பெண் பிள்ளைகள் வரமாட்டார்கள், ஒரு மாதத்தில் அது ஆண்கள் அரட்டை இடமாகிவிடும். சாவி இரண்டு பேரிடம், ஒருவர் பெண். வருகை நோட்டு. பிரசங்கம், துண்டுப்பிரதி எதுவும் அங்கே கூடாது, அதை முதல் நாளே எழுதி ஒட்டிவிட வேண்டும். படிக்க இடம் கொடுப்பது அதற்காகவே நல்ல காரியம்.

முதியவர்களுக்கு: மாதம் ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் இரத்த அழுத்தம், சர்க்கரை பார்க்க ஊரில் உள்ள நர்ஸ் ஒருவர் போதும். அளவை ஒரு அட்டையில் எழுதிக் கையில் கொடுக்க வேண்டும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்ட அது உதவும். நவம்பரில் ஓய்வூதியக்காரர்களுக்கு வாழ்நாள் சான்று. கைரேகை தேய்ந்த கிழவர்கள் பாளையங்கோட்டைக்கும் தூத்துக்குடிக்கும் அலைகிறார்கள். போனில் முக அடையாளம் வைத்துச் செய்யத் தெரிந்த இரண்டு வாலிபரை ஒரு சனிக்கிழமை ஹாலில் உட்கார வைத்தால் ஊரே வரும்.

---

சேகரக்கணக்கு எழுதியது:

எல்லாவற்றையும் படித்தேன். கிழக்குத்தெரு சொன்னபடி படிவத்தில் ஆவணம் எதுவும் கேட்பதில்லை என்று மாற்றிக்கொள்கிறேன். பெயர், வயது, தெரு, போன், படுக்கையில் உள்ளவர் உண்டா, வெளியூரில் இருப்பவர் யார் எங்கே. ஆறு வரிதான்.

இதை எப்போது நிரப்புவது என்றால் அசனத்தன்றே. 1000 பேர் சாப்பாட்டுக்கு 140 கிலோ அரிசி என்று சமையல்காரர் கணக்குப் போடுகிறார், அதற்காகக் குடும்பத்துக்கு இத்தனை டோக்கன் என்று கமிட்டியும் எழுதுகிறது. வெளியூர்க்காரர் அத்தனை பேரும் வருடத்தில் ஒருமுறை ஒரே வரிசையில் நிற்பது அந்த டோக்கன் மேசை முன்னால்தான். மூன்று மேசை, ஒவ்வொன்றிலும் கையெழுத்து நன்றாக உள்ள இரண்டு வாலிபர். சந்தா பாக்கியைப் பற்றி அந்த மேசையில் ஒரு வார்த்தை பேசக்கூடாது. பேசினால் அடுத்த வருடம் போன் நம்பர் தரமாட்டார்கள்.

---

பாளை_வாசகன் எழுதியது:

அண்ணாச்சி, பாக்கி என்றதும் ஒன்று. சென்னையில் பத்து வருடமாக இருப்பவர் அங்குள்ள சபையில் சேரச் சபை மாற்றுக் கடிதம் கேட்டால், "பாக்கியைக் கட்டு" என்கிறார்கள். அவர் கட்டுவதில்லை, கடிதமும் வாங்குவதில்லை. இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை. கல்யாணத்துக்கோ அடக்கத்துக்கோ வரும்போது பத்து வருடப் பாக்கியைச் சேர்த்துக் கேட்கிறார்கள். துக்க வீட்டில் நின்று பணம் கேட்பதைவிடச் சபைக்கு அவமானம் வேறில்லை. இதற்கு என்ன செய்யலாம்?

---

சேகரக்கணக்கு எழுதியது:

கடிதத்தையும் பாக்கியையும் பிரிக்க வேண்டும். தலசபை கமிட்டியில் ஒரு தீர்மானம்: மாற்றுக் கடிதத்துக்குப் பாக்கி தடையில்லை, அடக்கத்துக்கு எந்தப் பாக்கியும் கேட்பதில்லை, கல்லறைக் கட்டணம் எல்லோருக்கும் ஒரே தொகை. திருமண்டல விதிக்கு உட்பட வேண்டியது ஏதும் இருந்தால் சேகர குரு மூலம் அனுமதி கேட்டு வாங்குங்கள், வாய்மொழியாக விடாதீர்கள்.

கடிதத்தை அவர் கேட்டு வரும்வரை காத்திருக்க வேண்டாம். டோக்கன் மேசையில் எழுதிய வெளியூர் முகவரியைப் பார்த்து, அவர் குடியிருக்கும் பகுதியில் உள்ள சபையின் குருவுக்கு நாமே எழுதலாம், அவரிடம் கேட்டுச் சம்மதம் வாங்கிய பிறகு. குடும்பத்தார் பெயர்கள், ஞானஸ்நானம், திடப்படுத்தல் தேதிகள், வீட்டில் முதியவர் யாராவது இருந்தால் அந்தக் குறிப்பு. ஒரு நகல் குடும்பத்துக்கு, ஒரு நகல் நம் கோப்புக்கு. ஆறு வாரத்தில் அங்கிருந்து பதில் வராவிட்டால் அந்தக் குருவுக்குப் போன் செய்ய வேண்டும், ஏனென்றால் பெருநகரச் சபை அலுவலகங்களில் கடிதம் கோப்புக்குள் போய்விடுவது வழக்கம். பதில் வந்ததும் நம் பதிவேட்டில் பெயரை அடிக்காமல் "மாற்றம்" என்று தேதியோடு எழுதுங்கள். ஊருக்கு வரும்போது பண்டிகையில் அவருக்கு இடம் உண்டு, தேர்தல் பட்டியலில் இல்லை. இந்த இரண்டையும் கடிதத்திலேயே எழுதிவிட்டால் பிறகு வழக்கு வராது.

---

கிழக்குத்தெரு எழுதியது:

"எல்லோருக்கும் ஒரே தொகை" என்பதோடு "வரிசை தேதிப்படி" என்பதையும் அதே தீர்மானத்தில் சேர்த்துவிடுங்கள் அண்ணாச்சி. தனித் தீர்மானமாகக் கொண்டுவந்தால் ஒத்திவைப்பார்கள்.

---

சேகரக்கணக்கு எழுதியது:

சேர்த்தாகிவிட்டது. வரைவைச் சனிக்கிழமை இங்கேயே போடுகிறேன், திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்.